ராக்கம்மாவும் ஆறுமுகத்தை விடாத பக்கமும்

ராக்கம்மா என்ற பெயரில் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் நாலு வருஷமாக எதிர் மேசையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாடிக்கையாளர்கள் போனில் "யாரு பேசுறது?" என்று கேட்பார்கள். "ராக்கம்மா" என்று பதில் வந்ததும், "கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளக் கூப்பிடும்மா" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போனைப் பிடுங்கி இரண்டு பேரைத் திட்டி, இரண்டு வாடிக்கையாளர்களை இழந்தும் இருக்கிறேன். அவளோ சிரித்துக்கொண்டே, "நான்தான் லா அந்த ஆளு. என்னா பிரச்சன, சொல்லுங்க" என்பாள்.

என் பெயர் கணேசமூர்த்தி. சிரம்பான் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் சின்னதாகக் கம்ப்யூட்டர் நிறுவனம் நடத்துகிறேன். லாபு பக்கம் நாலாங்கட்டைத் தோட்டத்து ஆட்கள் தோட்டம் கைமாறிப் போனதை ஒட்டி ஒரு மலர் போடுகிறார்கள். ராக்கம்மாவைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். "நல்லதா எழுதுங்க" என்று வேறு சொன்னார்கள். அவளைப் பற்றி எழுதினால் நல்லதாகத்தான் வரும். என்னைப் பற்றித்தான் கொஞ்சம் அசிங்கமாக வரும், பரவாயில்லை.

அவள் பிறந்தது ஐம்பத்தெட்டில், அதே நாலாங்கட்டைத் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் ரப்பர் பால்வெட்டு. தமிழ்ப்பள்ளி முடித்து, லாபுவில் மூன்றாம் படிவம் வரை படித்துவிட்டு, எழுபத்து நாலில் வெளிக்காட்டு வேலைக்குப் பெயர் பதிந்தாள். அதாவது புல் வெட்டுவது, உரம் போடுவது, மருந்து அடிப்பது. அவளோடு ஒரே நாளில் பெயர் பதிந்தவள் தாயம்மா. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து லயம், தோட்டத்து வரிசை வீடு. ஒருத்தி இருக்கும் இடத்தில் இன்னொருத்தி இருப்பாள்.

அந்தத் தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கர், யார் தெரியுமா? என் அப்பா. விடியற்காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பில், வேலையை மேற்பார்க்கிற நல்லசாமி மண்டோர் பெயர் கூப்பிடுவார். ஆட்கள் வரிசையில் நின்று "இருக்கேன்" என்று குரல் கொடுப்பார்கள். அப்பா செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தில் கோடு போடுவார். முகம் பார்க்கிற வெளிச்சம் இருக்காது. குரல்தான் கணக்கு.

எழுபத்தாறில் ஒரு நாள் ராக்கம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல். அவள் நேராகத் தோட்டத்து டிரெசரிடம் மருந்து வாங்கப் போய்விட்டாள். பெரட்டில் அவள் பெயரைக் கூப்பிட்டபோது, பாவம், சிநேகிதி பெயர் போய்விடக் கூடாதே என்று தாயம்மா குரலை மாற்றி "இருக்கேன்" என்று சொல்லிவிட்டாள். நல்லசாமிக்கு ஒன்றும் தெரியவில்லை. என் அப்பா சாயங்காலம் டிரெசரின் நோயாளிப் புத்தகத்தையும் செக்ரோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே காலையில், ஒரே நேரத்தில் ராக்கம்மா டிஸ்பென்சரியிலும் இருக்கிறாள், பெரட்டிலும் இருக்கிறாள். அப்புறம் என்ன? இரண்டு பேர் பெயரையும் மூன்று நாளைக்கு வெட்டிவிட்டார், மூன்று நாள் கூலி போச்சு. காய்ச்சல்காரிக்கும் தண்டனை! இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. அப்பாவிடம் கேட்கிற தைரியம் அப்போது எனக்கு இல்லை.

எண்பத்தாறில் ராக்கம்மா தோட்டத்தை விட்டு, செனவாங்கில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்குப் போனாள். சர்க்யூட் பலகைகளைச் சோதிக்கிற வேலை. கெட்டுப்போன பலகை கைக்கு வந்தால் மற்றவர்கள் நாலு பாகத்தை ஒரே மூச்சில் மாற்றிவிட்டு ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். ஓடிவிடும். ஆனால் எது கெட்டிருந்தது என்று யாருக்கும் தெரியாது. இவள் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவாள். மாற்றியதை ஒரு 555 நோட்டில், மளிகைக்கடைக் கடன் எழுதுகிற சின்ன நோட்டில், எழுதுவாள். என்ன நடந்தது என்பதையும் அதற்கு நேரே எழுதுவாள். மந்தமான ஆள் என்று முதல் மாதம் திட்டினார்களாம். ஆறாவது மாதம், யாராலும் முடியாத பலகைகளெல்லாம் அவள் மேசைக்கே வர ஆரம்பித்தன. தொண்ணூற்று இரண்டில், முப்பத்து நாலு வயதில், வாரம் இரண்டு மாலை கம்ப்யூட்டர் வகுப்பு. கூடப் படித்ததெல்லாம் மீசை முளைக்காத பையன்கள்.

தொண்ணூற்று ஐந்தில் என்னிடம் நேர்காணலுக்கு வந்தாள். அன்றைக்கு என் பிரிண்டர் மக்கர் செய்துகொண்டிருந்தது. எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது. டிப்ளோமா வைத்திருந்த இரண்டு பேர், "புதுசு வாங்கிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இவள் உட்காரக்கூட இல்லை. "நேத்து ஓடிச்சா?" என்று கேட்டாள். ஓடியது என்றேன். "நேத்துக்கும் இன்னிக்கும் நடுவுல என்னா மாத்துனீங்க?" என்றாள். ஒன்றும் மாற்றவில்லை என்று கத்தினேன். "நல்லா யோசிங்கண்ணே" என்றாள். மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்தியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நகர்த்தியதில் கேபிள் இழுபட்டிருந்தது. அன்றே வேலை கொடுத்தேன்.

இனிமேல்தான் விஷயம்.

போன வருஷக் கடைசியில் நாலாங்கட்டைத் தோட்டத்தை ஒரு வீடமைப்பு நிறுவனம் வாங்கியது. எண்பத்து மூன்று குடும்பங்களுக்கு நீலாய் போகிற சடக்கில் மலிவு விலை வீடு தருவதாக ஒப்பந்தம். யார் யாருக்கு வீடு என்ற பட்டியலை நிறுவனம் தன் இணையப் பக்கத்தில் போடும். ஏப்ரல் முப்பது, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் முடிவு. அதற்குள் திருத்தம் சொல்லலாம், அதற்குப் பிறகு முடியாது. நோட்டீசில் அப்படியே அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். இணையம் என்றால் என்னவென்று பாதிப் பேருக்குத் தெரியாத தோட்டத்தில்! ஆனால் அந்த இணையத்தளத்தைக் கட்டிக் கொடுக்கிற வேலை எனக்கு வந்ததால் நான் வாயை மூடிக்கொண்டேன்.

கட்டியது ராக்கம்மாதான். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு ஃபிரேம்வொர்க்கை எடுத்துக்கொண்டாள். வீடு கட்டுகிறவனுக்கு நிலையும் சட்டமும் தயாராகக் கிடைக்கிற மாதிரி, இணையத்தளம் கட்டுகிறவர்களுக்கு அடிப்படை வேலையெல்லாம் முன்பே செய்து வைத்தது அது. பெயர்கள் எல்லாம் தகவல் தளத்தில் இருக்கும். யாராவது 'சினாராய்', அதாவது பட்டியல், என்ற பக்கத்தைக் கேட்டால் அவளுடைய புரோகிராம் அந்த நிமிஷத்தில் தகவல் தளத்தைப் பார்த்துப் பக்கத்தைத் தயாரித்துக் கொடுக்கும். பெயர் மாறினால் பக்கமும் தானாக மாறும். சர்வர் எங்கள் கடையின் பின்னறையிலேயே ஓடியது.

ஏப்ரல் இருபத்தெட்டு, புதன்கிழமை காலை. தாயம்மா படியேறி வந்தாள். கையில் மடித்த காகிதம். அவள் புருஷன் ஆறுமுகம் பிப்ரவரியில் மாரடைப்பால் போய்விட்டார். வீடு அவர் பெயரில் இருந்தது. அதைத் தாயம்மா பெயருக்கு மாற்றச் சொல்லித் தோட்டக் கமிட்டி மார்ச் மாதமே கடிதம் கொடுத்து, நிறுவனமும் ஒப்புக்கொண்டு, ராக்கம்மா தன் கையாலேயே மாற்றியிருந்தாள். தாயம்மாவின் மகள் ஊரில் இணைய மையத்தில் பார்த்து அச்சடித்துக் கொண்டு வந்த காகிதத்தில், நாற்பத்தேழாம் வரிசையில் ஆறுமுகம் பெயர்தான் இருந்தது.

"என்னாடி இது, ராக்கு? செத்தவருக்கு வீடு குடுப்பாங்களா?" என்றாள் தாயம்மா. "வெள்ளிக்கிழம வரைக்கும்தானாம். உயிரோட உள்ளவங்க வந்து கையெழுத்துப் போடாட்டி அந்த வீடு போயிடுமாம். லயத்த அடுத்த மாசம் உடைக்கிறானுங்க. நானும் ரெண்டு புள்ளைங்களும் எங்கடி போவோம்?"

ராக்கம்மா தகவல் தளத்தைத் திறந்து காட்டினாள். அதில் தாயம்மா என்று சுத்தமாக இருக்கிறது. நாங்கள் உள்ளே வேலை பார்க்கிற பக்கத்திலும் தாயம்மா. ஊர் பார்க்கிற பட்டியலைத் திறந்தால் ஆறுமுகம்!

"நான் மாத்துனேன்டி. சத்தியமா மாத்துனேன்" என்றாள் ராக்கம்மா. அவள் முகம் வெளிறியதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன்.

நான் என்ன செய்தேன்? கத்தினேன். எனக்குத் தெரிந்த முதல் வைத்தியம் அதுதான். "மார்ச் மாசமே வெளிப்பக்கத்தத் தொறந்து பாத்திருக்க வேணாமா? அரைகுறையா வேல பாத்தா இப்படித்தான்!" என்றேன். தாயம்மா முன்னாலேயே சொன்னேன். ராக்கம்மா தலையை நிமிர்த்தி, "ஆமாண்ணே, பாத்திருக்கணும்" என்று மட்டும் சொன்னாள். பிறகு டிராயரைத் திறந்து புது 555 நோட்டு ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் தேதி போட்டாள்.

அடுத்த இரண்டு நாள் நாங்கள் செய்த கூத்தைச் சொல்லி மாளாது. அவரவர் கம்ப்யூட்டரின் பிரௌசர் பழைய பக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டு காட்டுகிறது என்றேன். துடைத்தாள். ஆறுமுகம். நடுவில் இணையச் சேவைக்காரன் பழைய நகலை வைத்திருப்பான் என்றேன். அவள் பின்னறைக்குப் போய், வெளித்தொடர்பே இல்லாமல் சர்வரிலிருந்தே கேட்டுப் பார்த்தாள். அப்போதும் ஆறுமுகம். தகவல் தளம் கெட்டுப்போயிருக்கும் என்றேன். ஆராய்ந்தாள், ஒரு குறையும் இல்லை. சர்வரை அணைத்துப் போடச் சொன்னேன். போட்டாள். ஆறுமுகம் அசையவில்லை. "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்து!" என்று குதித்தேன்.

"வேணாண்ணே" என்றாள். "அழிச்சிட்டா என்னா கெட்டுச்சுன்னே தெரியாது. அப்புறம் மறுபடியும் வரும். ஒன்னு ஒன்னா பாப்போம்."

"நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் இருக்கு, ராக்கம்மா!"

"அதான் சொல்றேன். பதறாத காரியம் சிதறாதுன்னு சொல்லுவாங்க. நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்க."

என் கடையிலிருந்து என்னையே விரட்டினாள். போனேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நிறுவனத்தின் அதிகாரி விசுவநாதன் எங்கள் கடைக்கே வந்துவிட்டார். மரியாதையான மனிதர், ஆனால் விதி என்றால் விதி. பட்டியலை அச்சடித்துக் கையெழுத்துப் போட்டு அன்றே தலைமை அலுவலகத்துக்கு எடுத்துப் போக வேண்டும். நான் அவரிடம் கெஞ்சினேன். "சார், தகவல் தளத்துல சரியா இருக்கு. அதப் பாத்துக் கையால எழுதிக்குங்க."

"அப்படிச் செய்ய முடியாது, மிஸ்டர் கணேசமூர்த்தி. நோட்டீசுல பக்கம்னு போட்டிருக்கு. ஒரு பேர நான் கையால மாத்துனா, நாளைக்கு இன்னொருத்தர் வந்து தன் பேரயும் மாத்தச் சொல்லுவாரு. அஞ்சு மணிக்குப் பக்கத்துல என்னா இருக்கோ, அதுக்குத்தான் என் கையெழுத்து."

தாயம்மா மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஆறுமுகத்தின் ஐசி, அவளுடைய ஐசி என்று இரண்டு அடையாள அட்டைகள் இருந்தன.

மூன்றரைக்கு ராக்கம்மா ஒரு காரியம் செய்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு மயக்கமே வந்துவிட்டது. பட்டியலைத் தயாரிக்கிற தன் புரோகிராமைத் திறந்து, நடுவில் அர்த்தமில்லாத ஒரு வரியை எழுதிச் சேமித்தாள். வேண்டுமென்றே உடைத்துவிட்டாள்!

"ஐயோ, என்னா பண்றே?" என்று அலறினேன்.

"இருங்க லா" என்றாள். பக்கத்தைக் கேட்டாள். புரோகிராம் உடைந்திருந்தால் பிழைச் செய்திதான் வர வேண்டும். ஆனால் பட்டியல் ஜம்மென்று வந்தது. எண்பத்து மூன்று பெயர், நாற்பத்தேழில் ஆறுமுகம்.

ராக்கம்மா நாற்காலியில் சாய்ந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "என் புரோகிராமு, இவன் பேசவே இல்லண்ணே. வேற யாரோ இவனுக்குப் பதிலா 'இருக்கேன்'னு சொல்றாங்க."

மூலையிலிருந்து தாயம்மா தலை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க அப்பா எங்கள எப்படிப் புடிச்சாரு?" என்று ராக்கம்மா என்னிடம் கேட்டாள். "ரெண்டு புத்தகத்தையும் பக்கத்துல வச்சிப் பாத்தாரு இல்ல?"

அதையேதான் அவளும் செய்தாள். சர்வர் தன்னிடம் வந்த ஒவ்வொரு கோரிக்கையையும் ஒரு பதிவேட்டில் எழுதும். அவளுடைய புரோகிராம் தான் செய்த ஒவ்வொரு வேலையையும் வேறொரு பதிவேட்டில் எழுதும். இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் திறந்தாள். சர்வர் பதிவேட்டில் பட்டியல் பக்கத்தை அன்றைக்கு மட்டும் நாற்பது தடவைக்கு மேல் கேட்டிருக்கிறார்கள். புரோகிராமின் பதிவேட்டில் ஒரு தடவைகூட இல்லை. பின்னோக்கிப் போனாள். ஏப்ரலில் இல்லை, மார்ச்சில் இல்லை. கடைசியாக அந்தப் புரோகிராம் பட்டியலைத் தயாரித்தது ஜனவரி பதினெட்டாம் தேதி.

பிறகு சர்வரோடு பிரௌசர் இல்லாமல் நேரடியாகப் பேசினாள். பக்கத்தை அனுப்பும்போது சர்வர் அதற்கு முன்னால் சில வரிகளை அனுப்பும், பிரௌசரில் அவை கண்ணுக்குத் தெரியாது. மற்றப் பக்கங்களுக்கு இல்லாத ஒரு வரி பட்டியலுக்கு மட்டும் வந்தது: கடைசியாக மாற்றிய நாள், திங்கள், ஜனவரி 18. புரோகிராம் உடனுக்குடன் தயாரிக்கிற பக்கத்துக்கு அந்த வரி வராது. டிஸ்க்கில் எழுதிச் சேமித்து வைத்த ஃபைலுக்குத்தான் வரும்.

"ஃபைலு" என்றாள். "செத்துப்போன ஃபைலு ஒன்னு எங்கேயோ உக்காந்துகிட்டு இருக்கு."

ஃபிரேம்வொர்க்கோடு வந்த கையேட்டை எடுத்துப் புரட்டினாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், அடியில், பொடி எழுத்தில் ஒரு விதி இருந்தது. யாராவது ஒரு பக்கத்தைக் கேட்டால், சர்வர் முதலில் படங்கள் வைக்கிற பொது ஃபோல்டரில் அதே பெயரில் ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடும். இல்லையென்றால்தான் புரோகிராமைக் கூப்பிடும். படத்தையும் சின்னத்தையும் வேகமாகக் கொடுப்பதற்காக வைத்த ஏற்பாடு. படம் மட்டுமே இருக்கிற ஃபோல்டரில் பட்டியலை யார் தேடுவார்கள்? இரண்டு நாளாக நாங்கள் தேடவில்லை.

ராக்கம்மா அந்த ஃபோல்டரைத் திறந்தாள். நிறுவனத்தின் சின்னம், மாதிரி வீட்டின் படம், பூங்காவின் படம். அவற்றுக்கு நடுவில் சினாராய் என்ற பெயரில் ஒரு ஃபைல். அதன் பக்கத்தில் தேதி. தேதிக்குப் பக்கத்தில் அந்த ஃபைலை வைத்தவரின் பெயர்.

அவள் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து போய் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

கணேஷ் என்று இருந்தது. நான்தான்!

எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. ஜனவரி பதினெட்டாம் தேதி நிறுவனத்தின் பெரிய அதிகாரிகள் தளத்தைப் பார்வையிட வந்தார்கள். அப்போது பக்கம் வருவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். தோட்டத்தில் பெரிய துரை பார்வையிட வருகிறார் என்றால், சடக்கு ஓரத்து முதல் லயத்துக்கு மட்டும் அவசரமாகச் சுண்ணாம்பு அடிப்பார்கள். பின் லயங்கள் எப்படி இருந்தால் யாருக்கென்ன? அந்தச் சுண்ணாம்பு வேலையை முன்னின்று பார்க்கிறவர் கிராணி. கிராணி மகன் நான் வேறு என்ன செய்வேன்! ராக்கம்மா அன்றைக்கு விடுப்பு. நான் பட்டியல் பக்கத்தைப் பிரௌசரில் திறந்து, அப்படியே அதே பெயரில் சேமித்து, அந்த ஃபோல்டரில் போட்டேன். பக்கம் மின்னலாக வந்தது. அதிகாரிகள் கைகுலுக்கினார்கள். சாயங்காலம் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. மறந்தே போனேன். மறந்துவிட்டு, அரைகுறை வேலை என்று அவளைத் திட்டினேன், அதுவும் தாயம்மா முன்னால்.

"கெடச்சிருச்சா?" என்று விசுவநாதன் கேட்டார். மணி நாலே முக்கால்.

ராக்கம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "கெடச்சிருச்சு சார். பழைய ஃபைலு ஒன்னு எடுக்காம உட்டுப் போச்சு" என்றாள். யார் விட்டது என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அந்த ஃபைலை அவள் அழிக்கவில்லை. வேறொரு ஃபோல்டருக்கு நகர்த்தினாள், நகர்த்தியதை 555 நோட்டில் எழுதினாள். பக்கத்தைக் கேட்டாள். திரை முழுக்கப் பிழைச் செய்தி! பட்டியலே காணோம்.

"அலாமாக்! உள்ளதும் போச்சா?" என்று விசுவநாதன் எழுந்துவிட்டார். தாயம்மாவும் எழுந்துவிட்டாள்.

ராக்கம்மா மட்டும் சிரித்தாள். இரண்டு நாளில் முதல் சிரிப்பு. "பயப்படாதீங்க. நான் ஒடைச்சு வச்சேன்ல, அதான் வலிக்குதுன்னு சொல்றான். இப்பதான் இவனே வாயத் தொறந்து பேசுறான்." அந்த அர்த்தமில்லாத வரியை எடுத்தாள், சேமித்தாள், மறுபடி கேட்டாள்.

நாற்பத்தேழாம் வரிசையில் தாயம்மா. அது மட்டுமா? மார்ச்சிலும் ஏப்ரலிலும் செய்த இன்னும் பத்துத் திருத்தங்களும் அதோடு மேலே வந்தன. ஒரு குடும்பத்துக்கு ஐசி எண் தவறு, இன்னொரு குடும்பத்துக்குப் பெயரே மாறிப்போயிருந்தது. அவர்களுக்கெல்லாம் தங்கள் வீடு போக இருந்ததே தெரியாது. நாலு ஐம்பத்தாறுக்கு விசுவநாதன் அச்சடித்தார். பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டார். தாயம்மா அந்தக் காகிதத்தில் தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

எல்லோரும் போன பிறகு நான் ராக்கம்மா மேசைக்கு முன்னால் போய் நின்றேன். "ஏன் சொல்லல?" என்றேன்.

"யாருகிட்ட? அந்த ஆபீசருகிட்டயா? சொல்லி என்னாண்ணே ஆவப்போவுது, ஒங்க பொழப்புல மண்ணு விழும். இங்க ஆறு பேரு வேல செய்யிறோம்."

"ஒன்ன அன்னிக்கு அப்படிக் கத்திட்டேனே, ராக்கம்மா. என் முதுகு எனக்குத் தெரியல. மன்னிச்சிரு."

அவள் நோட்டை மூடி டிராயரில் வைத்தாள். "என்னக் கத்துனது இருக்கட்டும். நானும் வெளிப்பக்கத்தப் பாக்காம உட்டது தப்புதான். ஆனா தாயம்மா ரெண்டு நாளா சோறு திங்கல. ஞாயித்துக்கிழம வீட்டு நம்பர் குலுக்கலுக்கு நீங்க வரணும். வந்து அவகிட்ட நீங்களே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

ஞாயிறு வரை அடுத்த இரண்டு நாளும் எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி மண்டபம். விசுவநாதன் பட்டியலை வரிசையாகப் படிப்பார். பெயருக்கு உரியவர் அங்கிருந்து குரல் கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டு மேடைக்கு வந்து வீட்டு எண் சீட்டை எடுக்க வேண்டும். மூன்று தடவை கூப்பிட்டும் குரல் வரவில்லையென்றால் அடுத்த பெயர். பெரட்டுக் களத்தில் நின்று பழகிய ஆட்கள், பெயர் வாசிக்கப் போகிறார்கள் என்றதும் தாங்களாகவே வரிசையில் நின்றுவிட்டார்கள். தாயம்மா வெள்ளைச் சேலையில், கழுத்தில் ஒன்றும் இல்லாமல் நின்றாள்.

நான் பக்கத்தில் போனேன். சுற்றி வளைக்கவில்லை. "தாயம்மா, அந்தப் பழைய பக்கத்த அங்க வச்சது நான்தான். ராக்கம்மா மேல ஒரு தப்பும் இல்ல. பெரிய ஆளுங்க வர்றாங்கன்னு அவசரத்துல வச்சிட்டு மறந்துட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "உங்க அப்பா மூணு நாளு என் பேர வெட்டுனாரு. நீங்க ரெண்டு மாசம் வெட்டிட்டீங்க" என்றாள். "பரம்பர வேல போல லா, அண்ணே!"

பக்கத்தில் நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ராக்கம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டுதான்.

நாற்பத்தாறு முடிந்தது. விசுவநாதன் காகிதத்தைப் புரட்டி, ஐசியில் உள்ளபடி அப்பா பெயரோடு கூப்பிட்டார். "நாற்பத்தேழு. தாயம்மா மாரிமுத்து."

பதில் இல்லை. இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தவளுக்குக் குரல் அடைத்துவிட்டது. உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. இருபது வருஷம் அவள் குடும்பத்தில் முதலில் கூப்பிட்ட பெயர் ஆறுமுகம்தான். பதில் சொன்னதும் அவர்தான்.

"தாயம்மா மாரிமுத்து." இரண்டாவது தடவை.

எனக்குத் தாங்கவில்லை. பெயர் போய்விடப் போகிறதே! "இருக்..." என்று நான் வாயைத் திறந்தேன். ராக்கம்மா என் முழங்கையை இறுகப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"சும்மா இருங்க. அவளுக்கு வாய் இருக்கு." அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, ஆனால் பிடி தளரவில்லை.

"தாயம்மா மாரிமுத்து." மூன்றாவது தடவை. விசுவநாதன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வரிசையைப் பார்த்தார்.

"இருக்கேன்!"

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "இருக்கேன் சார், இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே தாயம்மா மேடையை நோக்கி நடந்தாள். அவள் சீட்டைக் கையில் எடுத்த பிறகுதான் ராக்கம்மா என் முழங்கையை விட்டாள்.